அரை அடி வண்டல்

மொட்டை மாடியில் யாராவது ஒரு ரோஜாத் தொட்டி வைத்தால்கூட எனக்குப் பயம் வந்துவிடும். இப்போது நாங்கள் உத்திரமேரூரில் வாடகைக்கு இருக்கிற வீட்டின் மாடியில், வீட்டுக்கார அம்மா பச்சைப் பைகளில் கத்தரியும் தக்காளியும் வளர்க்கிறார். தேங்காய் நார்க் கழிவு நிரப்பிய பைகள். தூக்கினால் ஒரு கையில் வந்துவிடும். "பக்கா தளம்மா, ஒண்ணும் ஆவாது" என்று என் முகத்தைப் பார்த்து அவரே இரண்டு முறை சொல்லிவிட்டார். நானும் தலையை ஆட்டுவேன். அவர் போனதும் உள்ளே வந்து தளத்தை அண்ணாந்து பார்ப்பேன். மழைக்காலம் என்றால் கேட்கவே வேண்டாம். நான்காவது படிக்கும் என் மகன், "இன்னாம்மா எப்பப் பாத்தாலும் மேலயே பாக்குற?" என்பான். பல்லி பார்க்கிறேன் என்பேன். உண்மையைச் சொன்னால் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் பெயரை இங்கேயும் சொல்லப் போவதில்லை. ஊரில் யாரும் சொன்னதில்லை. நீர்க்கட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். ஏரி மடையைத் திறந்து, வாய்க்காலில் இறங்கி, முறை வைத்து ஒவ்வொருவர் வயலுக்கும் தண்ணீர் பாய்ச்சுகிற வேலைக்கு அந்தப் பெயர். சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அந்த ஊர் ஏரிக்குக் கீழே இருந்த அத்தனை வயலும் அவர் காலால் தண்ணீர் குடித்தவை. ஆனால் அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அவர் அப்பாவுக்கும் இருந்ததில்லை. எங்கள் தெருவில் யாருக்குமே இல்லை. அதைக் குறையாகப் பேசிக்கொள்வதுகூடக் கிடையாது, அவ்வளவு பழகிப்போன விஷயம் அது.

நான் திருப்புட்குழியிலிருந்து கல்யாணமாகி அந்த ஊருக்குப் போனேன். அரசாங்கம் என்றைக்கோ கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகள். இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டியவை. நடுவில் ஒரே சுவர், மேலே ஒரே தளம். ஒரு பாதியில் நாங்கள், மறு பாதியில் அவர். என் வீட்டுக்காரர் அவரைப் பெரியப்பா என்பார், அந்த முறையில் எனக்கு மாமா. மனைவி இறந்து பல வருடம் ஆகியிருந்தது. ஒரே மகளை ஐயங்கார்குளத்தில் கொடுத்திருந்தார். தனியாகத்தான் இருந்தார்.

தண்ணீரைச் சும்மா போகவிட அவரால் முடியாது. அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். டீக்கடையில் கிளாஸ் கழுவிய தண்ணீரை வாங்கிக்கொண்டு போய் எதிரே இருக்கும் புங்கங்கன்றுக்கு ஊற்றுவார். கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் குழாயடியில் கை கழுவினால், இவர் சொம்பில் பிடித்துக்கொண்டு வாழை மரம் தேடிப் போவார். தெருக்குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டால் சோற்றில் வைத்த கையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்த் திருகிவிட்டு வருவார். "வுட்டா போச்சி" என்பார். அதுதான் அவருடைய வார்த்தை. எதற்கும் அதுதான். மழை வந்தால் ஊரே உள்ளே ஓடும். அவர் மட்டும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவார். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. என் வீட்டுக்காரரிடம், "ஒங்க பெரியப்பா மழைய வரவேற்கப் போறாரு பாருங்க" என்று கிண்டல் செய்வேன்.

நான் போன வருடமே அவர் தளத்தின் மேல் கீரை போட்டிருந்தார். மூங்கில் ஏணி வைத்து ஏறுவார். மணலும் எருவும் கலந்து மெல்லிசாகப் பரப்பி, சிறுகீரை, முளைக்கீரை. எங்கள் பாதியை அவர் தொடமாட்டார். நடுச் சுவருக்கு நேர் மேலே ஒரு செங்கல் வரிசை வைத்திருந்தார். அதற்கு இந்தப் பக்கம் வெறும் தளம், அந்தப் பக்கம் பச்சை. வாரம் இரண்டு கட்டு கீரை எங்கள் வாசலில் இருக்கும். அடுத்த வருடம் கத்தரி. அந்தக் கத்தரிக்காயில் நான் வைத்த காரக்குழம்புக்கு ஈடாக இதுவரை வைத்ததில்லை. அதுவரைக்கும் எந்தக் கவலையும் இல்லை. வெயில் காலத்தில் அவர் வீடு குளுகுளுவென்று இருக்கும், எங்கள் வீடு அடுப்பாகக் கொதிக்கும். எங்கள் பக்கமும் போடச் சொல்லலாமா என்றுகூட நான் கேட்டிருக்கிறேன்.

மூன்றாவது வருடம் நான் பிரசவத்துக்குத் தாய்வீடு போனேன். அந்தக் கோடையில் ஏரி தூர் வாரினார்கள். வண்டல் மண்ணை விவசாயிகள் டிராக்டரில் அள்ளிக்கொண்டு போகலாம், சிட்டா காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சிட்டா என்றால் நிலம் யார் பேரில் இருக்கிறது என்று சொல்லும் காகிதம். இவர் எதைக் காட்டுவார்? சைக்கிளை எடுத்திருக்கிறார். சிமெண்ட் பையில் மண்ணை நிரப்பி, கேரியரில் ஒன்று, பாரில் ஒன்று. ஏரிக்கும் வீட்டுக்கும் அந்தக் கோடை முழுக்க நடை. அப்புறம் தலையில் வைத்து ஏணியில் ஏற்றி, தளத்தின் மேல் கொட்டியிருக்கிறார். குழந்தையோடு நான் திரும்பி வந்தபோது, அவர் பாதித் தளத்தின் மேல் அரை அடி உயரத்துக்கு வண்டல் கிடந்தது. செங்கல் வரிசை இருந்த இடத்தில் மண்ணைக் குழைத்து வரப்பு போட்டிருந்தார். அந்த வரப்பில் ஒரு சாண் அகலத்துக்கு மடை, வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்தது.

"நெல்லு வெக்கப் போறேம்மா" என்றார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாடித்தோட்டம் போடுகிற எவரும் ஏரி வண்டலைத் தளத்தின் மேல் கொண்டுபோய்க் கொட்டமாட்டார்கள். வயலில் பிறந்து வயலில் வளர்ந்தவருக்குத்தான் அது தோன்றும். மண்ணிலே உசத்தி வண்டல். பசை போல ஒட்டும், தண்ணீரை விடாது. ஈரமானால் ஒரு சட்டி மண்ணை இரண்டு பேர் தூக்க வேண்டும். வயலுக்கு அது வரம். எங்கள் தலைக்கு மேலே, கம்பி துருப்பிடித்து அங்கங்கே சிமெண்ட் உதிர்ந்த ஒரு பழைய தளத்துக்கு மேலே, அது என்னவென்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது. தளத்தின் கொக்கியில்தான் என் பிள்ளையின் தூளி தொங்கியது.

எதிர்வீட்டு அக்காவின் தம்பி கட்டட மேஸ்திரி. அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கள் பக்கத் தளத்தை ஒரு கம்பால் தட்டிப் பார்த்தான். வெளியே போய் மேலே பார்த்தான்.

"ஒரே தளங்க்கா. அந்தாண்ட எறங்கனா இந்தாண்ட மட்டும் நிக்குமா? பாத்துக்க" என்றான். பார்த்துக்கொள்வதற்கு என்ன இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை.

அன்றே அவரிடம் போய்க் கேட்டேன். "மாமா, தளம் தாங்குமா? கொழந்த தூங்குது கீழ."

"ஒண்ணும் ஆவாது. நான் பாத்துக்கினுதான கீறேன்."

"நெல்லுதான் வேணுமா? பழையபடி கீரை போடலாமே?"

மண்வெட்டியில் ஒட்டிய மண்ணை வழித்துப் போட்டார். பிறகு சொன்னார்: "ஊருக்கெல்லாம் மடை தொறந்து வுட்டவன்மா நான். எனக்குன்னு ஒரு மடைய மூடணும்னு இருக்காதா?"

நியாயம்தானே என்றும் இருந்தது, என் பிள்ளை கீழே படுத்திருக்கிறானே என்றும் இருந்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "பெரியப்பா தெரியாமயா செய்வாரு? நீ சும்மா பேஜாரு பண்ணாத" என்று சொல்லிவிட்டு ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிவிடுவார். பயம் என்பது வீட்டில் ஒருவர் தலையிலேதான் விழும் போலிருக்கிறது. எங்கள் வீட்டில் அது என் தலை.

அதன் பிறகு எனக்கு வேறு வேலையே இல்லாமல் போனது. காலையில் எழுந்ததும் தளத்தைப் பார்ப்பேன். நடுச் சுவர் ஓரமாக ஒரு விரிசல் இருந்தது. அது எங்கே முடிகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன். மறுநாள் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். தாண்டவில்லை என்றால், கோட்டைச் சரியாகப் போட்டேனா என்று சந்தேகம் வரும். தூளியைக் கழற்றிச் சமையல் மூலைக்கு மாற்ற நினைத்தேன், அங்கே கொக்கி இல்லை. தரையில் படுக்கவைத்து, வாசல் பக்கமாக இழுத்துப் போட்டேன், மழையும் கொசுவும் விடவில்லை. கடைசியில் மறுபடி தூளிதான்.

மேலே நாற்று பச்சை பிடித்தது. மழை பெய்தால் அவர் மேலே போய் மடையில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். ஒரு சொட்டு எங்கள் பக்கம் தாண்டி வராது. "கொஞ்சம் தொறந்து வுடுங்க மாமா" என்று கீழேயிருந்து கத்துவேன். "இன்னிக்கு பேயுது, நாளிக்கு பேயுமா? வுட்டா போச்சி" என்பார். ஏரி வயலுக்கு அது சரி. தளத்தின் மேல் நிற்கிற தண்ணீருக்கும் அதே கணக்கு என்று அவர் எப்படி நினைத்தார் என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றையும் அப்போது கவனித்தேன். அவர் வீட்டுக்குள் யாரையும் விடுவதில்லை. முன்பெல்லாம் கதவு திறந்தே கிடக்கும். நான் குழம்பு கொண்டுபோனால் அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வருவேன். இப்போது கதவை ஒரு முழம் திறந்து, உடம்பால் மறைத்துக்கொண்டு, கிண்ணத்தை வாங்கிக்கொண்டு மூடிவிடுவார். ஒருநாள் சைக்கிளில் சவுக்குக் கம்பு நாலைந்து கட்டி எடுத்து வந்தார். "எதுக்கு மாமா?" என்றேன். "பந்தலுக்கு" என்றார். பந்தல் எதுவும் நான் பார்க்கவில்லை. தனியாக இருக்கிற மனிதர், வயசாக ஆகப் புத்தி ஒரு மாதிரி ஆகிறதோ என்று நினைத்தேன். எதிர்வீட்டு அக்காவிடம் அப்படியே சொல்லவும் சொன்னேன். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

கதிர் முற்றி, இன்னும் பத்து நாளில் அறுத்துவிடலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது புயல் சின்னம் என்றார்கள். இரண்டு நாளாக மழை விடவில்லை. மூன்றாம் நாள் காலையிலேயே அவரை ஏரிக்குக் கூப்பிட்டுப் போய்விட்டார்கள். ஏரி நிரம்பி வருகிறது, கரையில் எங்கோ அரிப்பு, மூட்டை போட வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரர் கம்பெனியில். நானும் ஆறு மாதக் குழந்தையும் மட்டும்.

பத்து மணி இருக்கும். நடுச் சுவரில் காபி நிறத்தில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. துணியை வைத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது. சாக்பீஸ் கோட்டைப் பார்த்தேன். கோடே அழிந்துவிட்டது. அப்போது மேலேயிருந்து வடை அளவுக்கு ஒரு சிமெண்ட் சில்லு தூளிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. குழந்தை முழிக்கக்கூட இல்லை. நான் தூளியோடு வாரி எடுத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் எதிர்வீட்டுக்கு ஓடினேன். அக்கா கையில் பிள்ளையைத் திணித்துவிட்டுத் திரும்பிவந்து ஏணியில் ஏறினேன். ஏன் ஏறினேன்? பிள்ளைதான் பத்திரமாகிவிட்டதே. என் வீடு, என் பாத்திரம் பண்டம், எல்லாம் அந்தத் தளத்துக்குக் கீழேதான் இருந்தன. எல்லாவற்றையும்விட, மாதக்கணக்காக என்னைத் தூங்கவிடாத அந்த மடையை என் காலால் உதைக்க வேண்டும் என்று ஒரு வெறி.

மேலே போய்ப் பார்த்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு முழக் கைப்பிடிச் சுவரின் விளிம்பு வரைக்கும் தண்ணீர். அதில் முக்கால்வாசி முழுகி, மஞ்சளும் பச்சையுமாகக் கதிர் தலை சாய்ந்து நின்றது. ஒரு நொடிதான் பார்த்தேன். அப்புறம் மடையை உதைத்தேன்.

அவர் மடை திறப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குதிகாலால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளுவார், தண்ணீர் நூல் பிடித்த மாதிரி வரும். எனக்கு அந்தப் பொறுமை ஏது? ஒரே உதை. அடைப்போடு வரப்பும் சேர்ந்து போனது. தண்ணீரும் வண்டலும் வேரோடு நெல்லும் என் காலை வாரிவிட்டு எங்கள் பாதிக்குப் பாய்ந்தன. தளத்தில் தண்ணீர் இறங்க ஒரே ஒரு குழாய், அது எங்கள் மூலையில். சேறு போய் அதை அடைத்துக்கொண்டது. இதுவரை அவர் தலைக்கு மேல் மட்டும் நின்றிருந்த தண்ணீரை, நான் எங்கள் தலைக்கு மேலும் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். இது என் கையால், என் காலால் செய்தது. கதையை யாரிடம் சொன்னாலும் இந்த இடத்தை நான் முழுங்கிவிடுவது வழக்கம். இப்போதுதான் எழுதுகிறேன்.

முட்டி போட்டு, குழாய் வாயில் கையை விட்டுச் சேற்றைப் பிடுங்கினேன். பிடுங்கப் பிடுங்க அடைத்தது. ஓவென்று அழுதேன். கீழேயிருந்து அவர் குரல் கேட்டது.

"புள்ள எங்க கீது?"

ஏரியிலிருந்து ஓடி வந்திருக்கிறார். இடுப்புவரை சேறு, மூச்சு வாங்குகிறது.

"எதுத்த வூட்ல மாமா."

"நீ எறங்கு. மொதல்ல எறங்கு."

மண்வெட்டியோடு மேலே வந்தார். உடைந்த வரப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதிரைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. குழாயில் தோள்வரை கையை விட்டு என்னத்தையோ இழுத்துப் போட்டார், தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அது போதாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தன் பக்கம் போய், வாசலுக்கு நேர் மேலே இருந்த கைப்பிடிச் சுவரை மண்வெட்டிப் பின்புறத்தால் நாலு அடி அடித்தார். செங்கல் சரிந்தது. அந்த வழியாகத் தண்ணீரும் மண்ணும் அவர் வாசலிலேயே கொட்டின. பிறகு வண்டலை, நட்டு, களை எடுத்து, காத்து வைத்திருந்த நெல்லோடு சேர்த்து வெட்டி வெட்டி இழுத்துத் தள்ளினார். தெருவில் இரண்டு பேர் ஏறி உதவிக்குப் போனார்கள். "வேணாம், ஆளு பாரமும் சேந்துக்கும், எறங்குங்க" என்று விரட்டிவிட்டார். மத்தியானம் போய், வெளிச்சம் மங்குகிற வரைக்கும் ஒற்றை ஆளாக வெட்டினார். "வுட்டா போச்சி, வுட்டா போச்சி" என்றே வாழ்ந்த மனிதர். நான் எதிர்வீட்டு வாசலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தளம் நின்றது. அன்று அவர் எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகையில்தான் படுத்தார். அவர் கதவை இடுப்பளவு மண் மூடியிருந்தது.

மறுநாள் மழை விட்டது. என் வீட்டுக்காரரும் தெரு ஆட்களும் சேர்ந்து மண்ணை வாரினார்கள். "நான் பாத்துக்குறேன், வுடுங்கப்பா" என்று அவர் தடுத்துக்கொண்டே இருந்தார். யாரும் கேட்கவில்லை. மண் விலகியதும் கதவு தானாகத் திறந்துகொண்டது.

உள்ளே நடக்க இடமில்லை. வீடு முழுக்கச் சவுக்குக் கம்பு. தரையில் பலகை வைத்து, மேலே பலகை வைத்து, நடுவில் தளத்துக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தியவை. இருபத்துமூன்று. நான் எண்ணினேன். நடுச் சுவர் ஓரமாக, எங்கள் பக்கத்தை ஒட்டி, மிக நெருக்கமாக நட்டிருந்தார். அடுப்பு இரண்டு கம்புக்கு நடுவில். பாய் நான்கு கம்புக்கு நடுவில், நேராகக் கால் நீட்ட முடியாமல் வளைத்துப் போட்டிருந்தது. இந்த ஆள் ஒரு போகம் முழுக்க இதற்குள்தான் சுருண்டு படுத்திருக்கிறார். கதவை ஏன் ஒரு முழத்துக்கு மேல் திறக்கவில்லை என்று அப்போது புரிந்தது.

எனக்குத்தான் முதலில் வாய் வந்தது, அதுவும் கோபமாக.

"அப்போ தெரியும் ஒங்களுக்கு. தளம் தாங்காதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் எம் புள்ளயக் கீழ படுக்க வச்சீங்க."

"ஒம் பக்கம் நான் ஒரு புடி மண்ணு போடலம்மா" என்றார். "பாரமெல்லாம் என் பக்கத்துலயே எறங்கட்டும்னுதான் முட்டு குடுத்தேன். வுய்ந்தா என் தலைமேல வுயட்டும்னுதான்..."

"ஒரே தளம்! எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"சொன்னா வேணாம்னு சொல்லுவ."

"சொல்லுவேன்தான்."

"அதான் சொல்லல" என்றார். தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் பயம்தாம்மா. தெனமும்தான் பயந்தேன். ஒரே ஒரு போகம் அறுத்துட்டு வுட்டுடலாம்னு இருந்தேன்."

மாதக்கணக்காக ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நான் விரிசலுக்குக் கோடு போட்டுக்கொண்டு கிடந்தேன். அந்தப் பக்கம் அவர் கம்பை நட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். பயப்படாத மனிதர் என்று நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேனோ அவருக்கு என்னைவிட அதிகப் பயம். அதை நினைத்தால் மனசு இளகுகிறது. உடனே, விழுந்த அந்தச் சில்லு ஒரு சாண் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் என்று நினைப்பேன், இளகியது இறுகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இத்தனை வருடமாக நான் அவரை வைத்திருக்கிறேன். மன்னித்தேன் என்று சொன்னால் பொய்.

அதன் பிறகு அவர் ஒரு நாளைக்கு ஒரு கம்பாக எடுத்தார். ஒன்றை எடுத்துவிட்டு, அன்று முழுக்கத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மறுநாள் அடுத்தது. எங்களோடு பேச்சு குறைந்துவிட்டது. நான் குழம்பு கொடுத்தால் வாங்கிக்கொள்வார். கதவை முழுசாகத் திறந்து வாங்குவார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பொங்கல் கழிந்து ஒருநாள் காலை, மேலேயிருந்து கூப்பிட்டார்.

"ம்மா, கொஞ்சம் மேல வந்துட்டு போயேன்."

பிள்ளையை இறக்கிவிட்டு ஏறினேன். அவர் பாதியில் வெறும் தளம், சுரண்டிக் கழுவியிருந்தார். அவர் எங்கள் மூலையில், குழாய்க்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். நான் உடைத்துவிட்ட அன்று அங்கே ஒதுங்கிய சேறு, கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கொஞ்சம் தங்கியிருந்தது. அதில் உதிர்ந்த நெல் முளைத்திருந்தது. ஒரு முறம் அளவு இடம் இருக்கும். பச்சையென்றால் அப்படி ஒரு பச்சை.

"ஒம் பக்கத்துல மொளச்சிகீது" என்றார். "நான் கை வெக்கல. இன்னா பண்லாம், நீயே சொல்லு."

யாரையும் எதையும் கேட்டுத் தண்ணீர் விட்டவரில்லை, அடைத்தவருமில்லை. அன்று என்னைக் கேட்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்தப் பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறம் பச்சை. அது என்ன பாரம் இருந்துவிடப் போகிறது? இரண்டு கிலோ இருக்குமா? கிடக்கட்டும் மாமா என்று ஒரு வார்த்தை. அது வாய்வரைக்கும் வந்தது. கீழே என் பிள்ளை சிணுங்குகிற சத்தம் கேட்டது.

"பறிச்சிடுங்க மாமா" என்றேன்.

"சரிம்மா" என்றார்.

வாரி எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். அப்படிச் செய்யவில்லை. நாற்றங்காலில் பறிப்பது போல இரண்டு மூன்றாகப் பிடித்து, வேர் அறுந்துவிடாமல் மெதுவாக இழுத்தார். சொம்புத் தண்ணீரில் வேரை அலசினார். அலசிய தண்ணீரைக் கொட்டாமல் தள்ளி வைத்தார். எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு வைக்கோல் பிரியால் கட்டினார். என் மணிக்கட்டு அளவு ஒரு முடிச்சு. அதை ஈரத் துண்டில் சுற்றிக்கொண்டு, ஏணியில் இறங்கி, ஏரிப் பக்கம் நடந்து போனார்.

மறுநாள் டவுன் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தேன். ரோட்டோரத்தில் ஒருத்தருடைய வயலில் தை மாத நவரைப் பட்டத்துக்கு நடவு முடிந்திருந்தது. வரிசை வரிசையாக மிஷினில் நட்ட நாற்று. அதன் கடைசி மூலையில், வரிசையில் சேராமல், வரப்பை ஒட்டிக் கைநடவாக ஒரு முடிச்சு அளவு நாற்று தனியாக நின்றது. வாய்க்காலிலிருந்து அந்த மூலைக்கு விரல் அகலத்தில் ஒரு சின்ன மடை வெட்டியிருந்தது, தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பஸ் வரும் வரைக்கும் நான் வேறு பக்கம் திரும்பி நின்றேன்.